அரைப்பேர்

வானொலித் தொலைநோக்கியின் டிஷ்ஷைக் கீழே திருப்பிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை. என்றோ வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சத்தை நோக்கி நிமிர்ந்திருக்கும்போது ஒலிபெருக்கியில் கேட்கிற அதே 'உஸ்'. இப்போது இன்னும் பலமாக.

காவலுக்கு இருந்த றிச்சர்ட், பதுளையிலிருக்கும் ஆராய்ச்சியாளர் முஷ்ரிபாவுக்குப் போன் எடுத்தார்.

"டிஷ் இப்ப எங்க பாக்குது, றிச்சர்ட் அண்ணே?"

"சரிஞ்ச மலைய, மிஸ்."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்ல. மண்ணும் சத்தம் போடும். செத்த நட்சத்திரமே இன்னும் பேசுதே!" அவள் சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தேயிலை மலையில் அப்போது வேலை வாங்கிய கணக்கப்பிள்ளை அவர்தான். போன ஐப்பசி மழையில், நிலம் வெடிக்கிறது என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் பதறி ஓடிவந்தபோது, "இப்ப எறங்குனா அரைப்பேர்தான்" என்று அதட்டித் திருப்பி அனுப்பினார். பாதிநாள் சம்பளம் போய்விடுமே என்று ஏறினார்கள். மலை அவர்கள்மேல் இறங்கியது. விசாரணையில், 'இறங்கச் சொன்னேன், கேட்கவில்லை' என்று கூசாமல் சாதித்தார். கல்நெஞ்சுக்காரர். அந்த மலைக்கு எதிரிலேயே இந்தக் காவல் வேலையையும் வாங்கிக்கொண்டார்.

பெரகலைப் பக்கமிருந்து ஏறிவந்த பிற்பகல் மூடுபனி ஜன்னலை அடைக்க, ஈரக் களிமண்ணும் கசங்கிய கொழுந்தும் கலந்த வாடை அறைக்குள் நிறைய, அந்த இரைச்சல் மெல்ல மெல்ல மூச்சாகி, பல பேருடைய மூச்சாகி, கடைசியில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் குரலானது. அவருடைய குரலேதான்.

"நிலுக்ஷி."

"இருக்கேன்."

"இருதயம்மா."

"இருக்கேன்."

செத்தவர்கள். எல்லாரும்.

பிளக்கைப் பிடுங்கினார். குரல் நிற்கவில்லை.

"றிச்சர்ட்!" இப்போது கூப்பிட்டது இருதயம்மா.

அவரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பெரட்டில் பேர் கேட்டதும் வாய் தானாகத் திறந்துதான் பழக்கம்.

"இருக்கேன்."

சொல்லியாயிற்று.

"மலையில எங்களோட நிக்கலயே, ஐயா," என்றாள் இருதயம்மா, நிதானமாக. "அரைப்பேர்தான்."

போனைப் பிடிக்க வலக்கையை நீட்டினார். வலக்கை இல்லை. வலது தோள் இல்லை. கத்தினார். பாதி வாய்தான் திறந்தது.

ஜன்னலுக்கு வெளியே பனி விலகியது. சேறு வழியும் கூடைகளோடு பெண்கள் வரிசையாக மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே அவருடைய மறுபாதி, ஒற்றைக் காலை ஊன்றி ஊன்றி ஏறியது. அந்தப் பாதத்தின் அடியில் நிலம் பிளப்பது இங்கே நின்றவருக்கு வலித்தது.