என் கைமேல் ஒரு கை

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஐஸ் உடைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் பயிற்சி மையம். வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இலவசப் பயிற்சி. படியேறும்போதே மீன் தண்ணீர் நாற்றமும் பினாயில் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறும். கீழே மெஷினில் ஐஸ் கட்டிகள் மடமடவென்று நொறுங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் ஜானட் மிஸ் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்துவார். வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருகிற எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. வேலை வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு, நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அழுத்தி மீட்கும் பாடம். அதற்கென்று ஒரு ரப்பர் பொம்மை உண்டு. அதன் மார்புக்குள் இருந்த ஸ்பிரிங் எப்போதோ உடைந்துவிட்டது. புதுசு வாங்க யாருக்கும் மனசு வரவில்லை. மறுநாளே எங்களுக்குத் தேர்வு.

"ஒருத்தி படு. இன்னொருத்தி அவ நெஞ்சுல கைய வெச்சு அழுத்தற மாதிரி ஆக்ட் பண்ணு. நெசமா அழுத்திடாத, விலா ஒடஞ்சிடும்" என்றார் மிஸ்.

அது எங்களுக்கும் தெரியும். நிஜமாக அழுத்த வேண்டிய நாளில் எவ்வளவு அழுத்துவது என்பதுதான் அந்த வகுப்பில் ஒருத்திக்கும் தெரியாது.

எனக்காகக் கட்டிலில் படுத்தவள் ஜெனி. ராயபுரத்துப் பெண், அங்கே எனக்குக் கிடைத்த ஒரே தோஸ்து.

"போன பேட்ச்லயும் இந்த ஆக்டிங்தான் யசோக்கா" என்று கிசுகிசுத்தாள். "மகிழினின்னு ஒருத்தி. வேலைக்குப் போன வூட்ல பெருசு நெஞ்சப் புடிச்சிகினு வுழுந்துச்சு. இவளுக்குத் தெரிஞ்சத இவ பண்ணா. சும்மா தடவிக் குடுத்துகினே இருந்தாளாம். பெருசு பூட்ச்சு."

"அப்பறம்?"

"அந்தப் பெருசோட புள்ளைங்க அவள மாடிப்படியில இஸ்துகினு போயி, இரும்பு பைப்பால ரெண்டு கையையும் ஒடச்சானுங்க. அதோட வுட்டானுங்களா? மண்டையிலயும் போட்டானுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே உயிரு போயிடுச்சு."

"அங்க இன்னா பேச்சு?" மிஸ் சட்டென்று திரும்பினார். "அவ பேர இங்க எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறேன்ல?"

சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மிஸ் கோபப்படவில்லை. பயந்தார்.

ஜெனியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் ஆகியிருக்க வேண்டும், கீழே மெஷின் நின்றது. அத்தனை நாளில் அந்த அறை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. பினாயில் வாடைக்கு நடுவே பச்சை ரத்தத்தின் வாடை வந்தது.

என் கைமேல் எதுவோ உட்கார்ந்தது.

ஐஸைத் தொட்டது போல் சில்லென்றிருந்தது. என் விரல்களுக்கு இடையில் வேறு விரல்கள் நுழைந்தன. ஒன்றுகூட நேராக இல்லை. மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பி, தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றது.

அழுத்தியது.

மடக்.

கீழே மெஷின் ஓடவில்லை.

ஜெனி அலறினாள். "எடுக்கா! கைய எடுக்கா!"

"நான் இல்ல ஜெனி! சத்தியமா நான் இல்ல!"

மறுபடி அழுத்தியது. இன்னொரு விலா. ஜெனியின் வாயிலிருந்து ரத்தம் தெறித்து என் முகத்தில் விழுந்தது. கையைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன், தோள்தான் வலித்தது. என் தோஸ்தை என் கையாலேயே கொல்லப் போகிறேன் என்று கதறினேன்.

மற்றவர்கள் கதவுக்கு ஓடினார்கள். மிஸ் மட்டும் பாய்ந்து வந்து என் முடியைப் பிடித்து இழுத்தார். "பைத்தியமாடி உனக்கு?" என்றவர் என் கையைப் பார்த்தார்.

அவருக்கும் தெரிந்தது.

"மகிழு..." என்றார் மெல்ல. "என்ன வுட்டுடும்மா."

என் கைகள் லேசாயின.

மிஸ் மல்லாக்க விழுந்தார். யாரும் தொடாமலே அவர் நெஞ்சு உள்ளே போனது. எழும்பியது. மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஆழமாக. எலும்பு உடையும் சத்தம் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கடைசியில் அவர் நெஞ்சு எழும்பவே இல்லை.

மிஸ்ஸுக்கு மாரடைப்பு, முதலுதவி செய்ததில் விலா உடைந்திருக்கிறது என்று எழுதி முடித்தார்கள். "நல்லாதான் அழுத்திக்கீறம்மா" என்று ஒரு போலீஸ்காரர் என்னைப் பாராட்டினார். ஜெனி பிழைத்தாள். படியில் விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். என் முகத்தைப் பார்த்து மட்டும் அவள் பேசுவதில்லை.

தள்ளி வைத்த தேர்வை எழுதி, நானும் தேறினேன். வேறென்ன செய்ய? வயிறு என்று ஒன்று இருக்கிறதே. காசிமேட்டில் ரகுபதி என்ற பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. விசைப்படகு வைத்திருந்தவர், வாய் ஓயாத மனுஷன். என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார்.

நேற்றுக் காலை இட்லியைப் பிட்டவர் அப்படியே சரிந்தார். மூச்சு இல்லை. நாடி இல்லை.

"இன்னாக்கா பாத்துகினு நிக்கிறே?" அவர் மருமகள் அம்மு தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "எதுனா பண்ணுக்கா!"

கை வைக்கப் பயம். வைக்காவிட்டால் அவர் போய்விடுவார். வைத்தேன்.

சில்லென்ற விரல்கள் என் விரல்களுக்குள் நுழைந்தன.

எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. என் கையோடு சேர்ந்து அழுத்தினாள், விட்டாள், அழுத்தினாள். பெரியவர் உடம்பு தூக்கிப் போட்டது. இருமினார். மூச்சு வந்தது. அம்மு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். செத்தும் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டாளே என்று, அந்த உடைந்த கைகளை மனசார வணங்கினேன்.

பெரியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"போதும் மகளே" என்றார். "வலிக்குது."

கையை எடுக்கப் பார்த்தேன்.

மடக்.