பதினோராவது பெட்டி

"காணோம்!"

போதைத் தடுப்புப் பிரிவின் ஸ்டோர் ரூமிலிருந்து கிளம்பிய அலறல், கேன்டீன் வரை கேட்டது.

அலறியவர் ஏட்டு. மோப்ப நாய்க்குப் பயிற்சி கொடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாய் ஒரே பதவியில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருப்பவர். அவருடைய பதவி உயர்வு ஆர்டர் இன்றைக்குத்தான் கையெழுத்தாக வேண்டும்!

இன்ஸ்பெக்டரம்மா ஓடி வந்தார்.

"என்னய்யா காணோம்?"

"பயிற்சிப் பொட்டலம், மேடம்... ஐம்பது கிராம் ஹெராயின்!"

"சாயங்காலத்துக்குள்ள அது கிடைக்கலைன்னா உங்களுக்கு ஆர்டர் வராது. வாரன்ட்தான் வரும்!"

ஏட்டு அவசர அவசரமாய் நேற்றைய கதையைச் சொன்னார்.

"நேத்து காரிடார்ல பழைய பெட்டிகளை வரிசையா வெச்சு மாப்பிள்ளைக்குப் பயிற்சி குடுத்தேன், மேடம்..."

மாப்பிள்ளை என்பது நாய். வேளாவேளைக்குச் சாப்பாடு, வேலை என்றால் முகச்சுளிப்பு, கோபித்துக்கொண்டால் ஆபீஸே சமாதானம் சொல்ல வேண்டும். வேறென்ன பெயர் வைப்பது? சரக்கு இருக்கும் பெட்டியின் முன்னால் போய் உட்காரும். அதுதான் அதன் உத்தியோகம்.

"நான் ஒளிச்சு வைக்கறதுக்கு முன்னாடியே கடைசிப் பெட்டிகிட்ட போய் உட்கார்ந்துடுச்சு. சோம்பேறின்னு திட்டினேன். எழுந்திருக்கவே இல்ல. சரி, தொலையட்டும்னு பொட்டலத்தை அதே பெட்டியோட வெளிப்பையில சொருகிட்டேன்..."

"அட ஆண்டவா! அப்புறம்?"

"வீட்ல இருந்து போன் வந்துச்சு. பேசிட்டு, பொட்டலத்தை எடுக்க மறந்துட்டேன்."

காரிடாருக்கு ஓடினார்கள். பத்துப் பெட்டி. பத்தும் காலி!

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"நேத்து பதினொண்ணு இருந்துச்சே! கடைசியா இருந்தது டைரக்டர் ஐயாவோடது. டிரைவர் கொண்டாந்து வெச்சாரு. காலைல ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

டைரக்டர்! ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான்!

டிரிங்ங்ங்...

இன்ஸ்பெக்டரம்மா ஸ்பீக்கரைப் போட்டார். ஏர்போர்ட் பிரிவு அதிகாரி.

"மேடம்... எங்க நாய் உங்க டைரக்டர் பெட்டி முன்னாடி உட்கார்ந்துடுச்சு!"

இங்கே ஏட்டும் உட்கார்ந்தார். தரையில்.

"டைரக்டர் என்ன சொல்றாரு?"

"திடீர் சோதனையாம். பொட்டலத்தைத் தானே வைக்கச் சொன்னாராம். நாயை வேற தட்டிக்குடுத்தாரு!"

ஏட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தெய்வம், மேடம்! என்னைக் காப்பாத்திட்டாரு!"

ஸ்பீக்கரில் அதிகாரி தொடர்ந்தார். "பொட்டலத்துல 'பயிற்சிக்கு மட்டும்'னு லேபிள் இருந்துச்சு, நம்பிட்டோம். ஆனா..."

"ஆனா?"

"அதை எடுத்தப்புறமும் எங்க நாய் எழுந்திருக்கல, மேடம். பெட்டியோட உள்துணியைக் கிழிச்சுப் பார்த்தோம். ரெண்டு கிலோ! அதுல லேபிளே இல்ல!"

ஏட்டு மெல்லத் திரும்பி நாயைப் பார்த்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"தப்புதான்... மன்னிச்சுக்கோங்க, மாப்பிள்ளை!"

ஏட்டின் செல் அலறியது. மனைவி.

"என்னங்க, டைரக்டர் கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"பக்கத்துக்குப் பக்கம் போடப்போறாரும்மா... வாக்குமூலத்துல!"