பல் இல்லாதது மென்ற வைக்கோல்

கிழட்டு மாடு மயிலை வைக்கோலை வாயில் வாங்கும். நாலு சுற்று மெல்லும். பிறகு பந்தாகச் சுருட்டிக் கீழே போட்டுவிடும். வானதி அதைப் பொறுக்கித் தொட்டியில் போடுவாள். மயிலை மறுபடியும் துப்பும்.

"மாட்டுக்குக் கடைவாய்ப் பல்லு தேஞ்சுபோச்சும்மா," என்றார் அப்பா தமிழரசன். சம்பா அறுப்பில் நாளெல்லாம் நெல் மூட்டை தூக்கிய களைப்போடு கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தார். "பட்டினி போட்டு வச்சுக்கறதவிடக் குடுத்துடலாம். சனிக்கிழமை தரகர் வர்றாரு."

வானதி அரிவாளை எடுத்து வந்தாள். வைக்கோலைப் பொடியாக நறுக்கிக் கழுநீரில் ஊறவைத்தாள். மயிலை கழுநீரைக் குடித்துவிட்டு வைக்கோலை விட்டுவிட்டது.

புதன்கிழமை அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டுத்தறியில் கயிறுதான் கிடந்தது. மயிலை பக்கத்து வீட்டுக் கொல்லையில் நின்றது. அந்த வீட்டுக் கமருன்னிஸா மாமி பைகளில் வைக்கோலை அடைத்துச் சிப்பிக்காளான் வளர்ப்பவர். காளான் பறித்து முடித்த பைகளைப் பிரித்துக் கொல்லையில் கொட்டியிருந்தார். வைக்கோல் முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது. மயிலை அதைத்தான் தின்றது. துப்பவே இல்லை.

பின்னாலேயே அப்பா ஓடிவந்து மாட்டை இழுத்தார்.

"என்னக்கா இது? பூசணம் புடிச்சதை மாட்டு வாய்க்கு எட்டுற மாதிரியா கொட்டுவீங்க?"

"ஏம்ப்பா தமிழு, நேத்து ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டியே காளான் குழம்பு, அது எங்க முளைச்சதுன்னு நெனச்சே? இந்தப் பூசணத்துலதான்."

அப்பா வயிற்றைத் தடவிக்கொண்டார்.

வானதி அந்த வைக்கோலில் ஒன்றை எடுத்து முறுக்கினாள். நனைந்த பஞ்சு போலப் பிய்ந்து வந்தது.

"எப்படி மாமி இவ்வளவு மெத்துன்னு ஆச்சு?"

"அந்த வெள்ளை நூலுதான் காளானுக்கு வேர் மாதிரி. வைக்கோல்ல இருக்கற கெட்டியை அது தின்னுடும்."

"காளானுக்குப் பல்லு ஏது மாமி?"

"பல்லா? அது கிடையாதுடி."

வானதி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "பல்லே இல்லாத ஒண்ணு மயிலைக்காக மென்னு வச்சிருக்குப்பா."

அப்பாவுக்குப் பயம் போகவில்லை. கால்நடை டாக்டருக்குப் போன் செய்தார். "வெள்ளையா, கெட்ட வாடை இல்லாம இருந்தா கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. பச்சை, கறுப்பு படிஞ்சிருந்தா கிட்டயே கொண்டுபோகாதீங்க," என்றார் டாக்டர்.

வானதி கொல்லையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பிடியாக முகர்ந்து பிரித்தாள். பச்சைப் புள்ளி தெரிந்த பிடி எருக்குழிக்குப் போயிற்று. சந்தேகம் வந்தாலும் எருக்குழிதான். நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து தானும் முகரத் தொடங்கினார்.

சனிக்கிழமை தரகர் வந்தார். மயிலையின் தாடையைப் பிடித்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார்.

"சுத்தமாத் தேஞ்சுபோச்சு. இதை வச்சுக்கிட்டு என்னங்க பண்ணப்போறீங்க?"

காலையில் காளான் வைக்கோல் போட்ட தொட்டியை அப்பா பார்த்தார். துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"இருக்கட்டும்ங்க. நீங்க ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

வானதி ஓடிப்போய் மயிலையின் காதில் சேதியைச் சொன்னாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசைபோடுகிற வேலை நிறைய பாக்கி இருந்தது.