மூன்று கண் காய்க்கும் கள்ளி

அன்று கழுகுப்பாறையில் ஏறியவர்கள் மூன்றே பேர். மேலவீட்டு மூத்தவர் பரமார்த்தலிங்கம், அவர் தங்கை மகளும் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவளுமான பூரணவல்லி, வழிகாட்ட வந்த தேனெடுப்பவர் மாடக்கண்ணு. நான்காவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மேலவீட்டுப் பூட்டன் பேச்சியம்மன் கோயில் வெண்கல மணியை உருக்கி விற்றுவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. கொள்ளையர்களுக்குப் பயந்து அதை அவர் மலையில் புதைத்தார் என்பது வீட்டார் சொல். புதைத்த இடத்தை எழுதி வைக்கும் முன் காய்ச்சலில் விழுந்தவர், ‘கழுகுப்பாறை, மூன்று கண் காய்க்கும் கள்ளியடி’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். ஆவணி மாதக் கோயில் கொடைத் திருவிழாவுக்குள் மணி வராவிட்டால் மேலவீட்டுக்கு முதல் மரியாதை கிடையாது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது. கொடைக்கு இன்னும் நான்கு நாள்.

பரமார்த்தலிங்கத்துக்கு ஏறும்போதே பொறுமை போய்விட்டது. மாடக்கண்ணு பத்தடிக்கு ஒருமுறை நின்று வெற்றிலை போட்டார். பூரணவல்லியோ செடிக்குச் செடி குனிந்தாள். கடப்பாரையைச் சுமந்தது அவர் ஒருவர்தான்.

மேற்குச் சரிவில் இரண்டு ஆள் உயரத்தில், மேலவீட்டார் சாமியாகக் கும்பிடும் கள்ளி மரம் நின்றது. சதைப்பற்றான பச்சைத் தண்டு, விளிம்பெல்லாம் முள், அடியில் மஞ்சள் துணி. சுற்றிலும் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய குழிகள். இன்னொரு குழிக்குப் பரமார்த்தலிங்கம் கடப்பாரையை ஓங்கினார்.

பூரணவல்லி குறுக்கே வந்து நின்றாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பூ வாடித் தொங்கியது. அதன் பக்கத்தில் சிவந்த பழம். அதைப் பறித்துப் பிளந்தாள். வெள்ளைச் சதைக்குள் கடுகு போலக் கறுப்பு விதைகள்.

“மாமா, இது கள்ளியே இல்ல. கள்ளிக்கு இம்புட்டுப் பெரிய பூ கிடையாது. காய் மூணு கண்ணா இருக்கும், காஞ்சா வெடிக்கும். இது வெளிதேசத்துச் சப்பாத்திக்கள்ளி இனம், பேருலதான் கள்ளி.”

“எங்க அப்பா, எங்க தாத்தா எல்லாரும் இங்கதாம்ட்டி தோண்டினாவ.”

“அதனாலதான் கெடைக்கல.”

அவர் முகம் கறுத்தது. அவள் பேனாக்கத்தியால் தண்டைக் கீறினாள். கள்ளியானால் பால் வடியவேண்டும். தெளிந்த நீர்தான் கசிந்தது. மேலவீட்டார் வருஷா வருஷம் தை மாதம் வந்து கும்பிட்டார்கள். அப்போது அதில் பூவும் இல்லை, காயும் இல்லை. சாமி மரம் என்று யாரும் கத்தி வைத்ததுமில்லை.

அப்படியானால் உண்மையான கள்ளி எங்கே? மாடக்கண்ணு சாவகாசமாக வெற்றிலையைத் துப்பினார். தேனெடுக்கப் போகும் வடக்குப் பொடவுக்குள், அந்தப் பாறைக்குகைக்குள், நாலுபட்டைக் கள்ளி ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

“இதை ஏன்வே முன்னாடியே சொல்லல?”

“நீங்க எங்க கேட்டிய? கடப்பாரையத் தூக்கிட்டு முன்னால போனிய.”

பொடவின் வாய் முழங்கால் உயரம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நூறடிப் பள்ளம். கலெக்டர் முன்னால்கூடக் குனியாத பரமார்த்தலிங்கம் அந்த வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

உள்ளே பாறை வெடிப்பில் வெயில் இறங்கும் இடத்தில் நின்றது கள்ளி. பூரணவல்லி கீறியதும் பால் பீறிட்டது. கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று மாடக்கண்ணு இருவரையும் பின்னுக்கு இழுத்தார். அடியில் உதிர்ந்து கிடந்த காய் ஓடுகளைப் பூரணவல்லி பொறுக்கி மாமாவின் கையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று கண்.

இரண்டடி ஆழத்தில் கடப்பாரை ‘ணங்’ என்றது.

கொடையன்று பச்சை பூத்த அந்த மணி கோயிலில் தொங்கியது. விளிம்பில் பேச்சியம்மன் பேரைப் படித்த ஊர்ப் பெரியவர்கள் பரிவட்டத்தை எடுத்து வந்தார்கள். முதல் மரியாதைப் பரிவட்டத்தை வாங்கிய பரமார்த்தலிங்கம், அதைப் பூரணவல்லியிடம் கொடுத்தார். கும்பிடும் முன் காயைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் வீட்டாருக்குச் சொன்னார்.

பொடவுக்குள் மாடக்கண்ணுதான் அவரை முதுகில் சுமந்து போனார் என்று டீக்கடையில் ஒரு பேச்சு உலவுகிறது. பொய். அதைப் பார்க்க அங்கே நான்காவது ஆளே கிடையாது; மேலவீட்டு மூத்தவர் தவழ்ந்துதான் போனார்.