புதுசு என்று சொன்ன ஹவுசிங்

இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிய பிறகும், வண்டிக்கு அடியில் அந்த ஊங்காரம் அடங்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

முனீஸ்வரி இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வில்லாபுரத்து வீட்டு வாசல். எதிர்வீட்டு மிக்சிச் சத்தம், குழாயடிப் பேச்சு, எல்லாவற்றுக்கும் கீழே, சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் நீண்டு கிடந்த அந்த முனகல். நின்ற வண்டியில் சுற்றுவதற்கு என்ன இருக்கிறது? பிறகு அதுவாகவே நின்றது, யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது மாதிரி.

பிக்கப் வண்டி அவளுடையது. மேற்கே தோட்டங்களில் வாழை இலைக் கட்டு ஏற்றி மாட்டுத்தாவணிச் சந்தையில் இறக்குவது அவள் தொழில். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற நீள ஷாப்ட்டுக்குக் கிரீஸ் அடிப்பாள். பின் அச்சுக்கூட்டை, மெக்கானிக்குகள் ஹவுசிங் என்பதை, உள்ளங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பாள். ஆயில் கசிந்தால் துடைத்துவிட்டு மறுநாளும் குனிந்து பார்ப்பாள். ஆக்சிலேட்டரை மிதித்தால் வருகிற இரைச்சல் ஒன்று, காலை எடுத்தால் வருவது ஒன்று, வளைவில் மட்டும் வருவது வேறொன்று. இது எதிலும் சேரவில்லை.

"உனக்கு எல்லாமே சத்தமாத்தான் கேக்கும்," என்றான் புருஷன் அழகுபாண்டி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "கெடக்கட்டும். தீபாவளி வரைக்கும் ஓட்டு. பெறகு வண்டியவே வித்துருவோம்."

ரசச் சட்டியை அவன் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். விற்பதாம். பழைய ஹவுசிங்குக்குள் பல்சக்கரம் உடைந்தபோதே வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றவன்தான் இவன். அவள்தான் மாட்டேன் என்று நின்று, சித்திரையில் அதை மாற்றச் சொன்னாள். "பூராம் புதுசு போட்டிருக்கேன் தங்கச்சி, பத்து வருசத்துக்குப் பாக்க வேண்டியதில்ல," என்று மெக்கானிக் கண்ணுச்சாமி சொன்னதை நம்பி வண்டியை எடுத்து வந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த முனகல்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் கண்ணுச்சாமியின் பட்டறைக்குப் போனாள். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை வந்து டயரை உதைத்தார்.

"ஓடுற வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்."

"நின்ன வண்டியில இருக்குண்ணே."

சிரித்தார். அந்தச் சிரிப்பு அவள் காதுமடலைச் சுட்டது. "ஆயில இறக்குங்க. நான் பாக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே படுத்து அடிப்போல்ட்டைக் கழற்றினார். கருத்த ஆயில் சட்டியில் விழுந்தது. போல்ட்டின் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருப்பது வழக்கம். அதோடு ஒரு முடி சுற்றியிருந்தது. கண்ணுச்சாமி இரண்டு விரலால் இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. முழங்கை நீளம் போய், கை நீளம் போய், துவாரத்துக்குள்ளிருந்து ஆயில் சொட்டச் சொட்ட வந்துகொண்டே இருந்தது. பட்டறையின் டீசல் வாடைக்கு நடுவே தேங்காயெண்ணெய் மணம் அடித்தது.

"ஒங்க முடியாத்தான் இருக்கும், தங்கச்சி."

முனீஸ்வரி தலையில் போட்டிருந்த துண்டை உருவினாள். பங்குனியில், ஹவுசிங் மாட்டும் முன்பே, குலசாமிக்கு மொட்டை போட்டவள். தலையில் இருந்தது விரல்கடை முடி.

கண்ணுச்சாமி சிரிக்கவில்லை. முடியை வெடுக்கென்று அறுத்துச் சட்டியில் போட்டு, போல்ட்டை அவசரமாகத் திருகி, புது ஆயில் ஊற்றினார். முனீஸ்வரி துண்டைத் திரும்பத் தலையில் கட்டி, சாவியை எடுத்தாள்.

"வண்டியில ஏறுங்க."

"வேல கெடக்கு தங்கச்சி..."

"ஏறுங்கண்ணே. கீழக்குயில்குடிப் பக்கம் இலை ஏத்தப் போறேன். காதால கேட்டுட்டு, மாத்தணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

ஏறினார். ஊருக்குள் ஹாரன் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டடங்கள் குறைந்து, சமணர் மலையின் பாறை வெயில் சாய்ந்து சிவக்கத் தொடங்கியபோது, ரோட்டில் அவர்கள் வண்டி மட்டும் இருந்தது. அப்போது அது எழும்பியது. முதலில் ஊங்காரம். வேகம் கூடக் கூட அதற்குள் ஒரு தட்டு விழுந்தது, ஷாப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் எதன்மேலோ இடிப்பதுபோல. அந்தத் தட்டு தாளமாகி, தாளம் தேய்ந்து, தொண்டை கிழிந்தவர்களின் குரல்போல அசையாகப் பிரிந்தது. முனீஸ்வரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை நாளும் கேட்டதுதான். சொல்லாகக் கேட்டது இப்போதுதான்.

நிப்-பாட்டு. நிப்-பாட்டு. நிப்-பாட்டு.

"அண்ணே. இது என்ன சொல்லுது?"

கண்ணுச்சாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்தில் வேர்வை ஓடியது.

"கேக்குறேன்ல. இந்த ஹவுசிங் எங்கெருந்து வந்துச்சு?"

"ஒடப்புக் கடையில எடுத்தேன்," என்றார் மெதுவாக. "வேற வண்டியோடது. நல்ல கண்டிசன்ல இருந்துச்சு, அதான்..."

"அந்த வண்டிக்கு என்னாச்சு?"

"ஒரு பொம்பள அடியில சிக்கிருச்சு. முடியும் சேலையும் ஷாப்ட்டுல சுத்தி, ஹவுசிங்கோட இறுகிருச்சு. ஓட்டுனவன் பயந்துபோயி நிப்பாட்டல. இழுத்துக்கிட்டே போயிருக்கான். ரொம்பத் தூரம்."

"உசுரோடயா?"

கண்ணுச்சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயம் இருந்தது, ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கத்தியவளை இழுத்துக்கொண்டே போனவன்மேல். அந்த இரும்பைக் கழுவிப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று தன் தலையில் கட்டிய இந்த ஆள்மேல். காது கேட்டதைப் பொம்பளை பிரமை என்று சொல்லிவிட்டுச் சோறு தின்ற புருஷன்மேல். கண்மாய்க்கரை ஓரமாக வண்டியை ஒடித்து நிறுத்தினாள். கியரில் போட்டாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். சாவியை உருவிக் கைக்குள் இறுக்கினாள்.

சத்தம் நின்றது. சுத்தமாக.

பிறகு அடியிலிருந்து, இரும்பை நகத்தால் பிறாண்டுகிற மாதிரி ஒரு ஓசை.

"கல்லு கில்லு சிக்கியிருக்கும்," என்றார் கண்ணுச்சாமி. குரல் எழும்பவில்லை.

"அப்பப் போயி எடுங்க."

"நாளைக்குப் பட்டறையில கழட்டிருவோம். வேற போட்டுத் தாரேன், நெசமாவே புதுசு. என் பிள்ளைக மேல சத்தியம்."

"நாளைக்கு இல்ல. நீங்கதான மாட்டுனீங்க? போயி அவ மொகத்தப் பாத்துட்டு வாங்க!"

கத்தினாள். கண்மாய்க்குள் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. கண்ணுச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். இறங்கினார். சாக்கை விரித்து, மல்லாந்து, பின்பக்கமாக உள்ளே நகர்ந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. அவளும் இறங்கி, பின்னால் வந்து நின்றாள்.

பிறாண்டல் நின்றிருந்தது.

"என்ன இருக்கு?"

தேங்காயெண்ணெய் மணம். கூடவே காய்ந்த ரத்தத்தின் துருவாடை.

"அண்ணே?"

"தங்கச்சி, வண்டிய நகத்தாத."

"நான் வெளிய நிக்கிறேன். சாவி எங்கையில இருக்கு."

"நகத்தாத தாயி. என் கைய... கைய விடச்சொல்லு."

அவர் கால்கள் ஒரு சாண் உள்ளே போயின.

பாய்ந்து இரண்டு கணுக்காலையும் பிடித்தாள். குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தாள். அந்தப் பக்கமிருந்தும் இழுத்தது. அவசரமில்லாமல். ஆயில் வழுக்கியது. அவர் அலறவில்லை, அலறக் காற்றில்லாததுபோல ஒரு விக்கல் மட்டும். அவளுக்குத் தோள் இற்றுப்போனது. விடவில்லை.

பின்சக்கரம் அசைந்தது.

ஹேண்ட்பிரேக் போட்ட வண்டி. கியரில் கிடந்த வண்டி. ஆளில்லாத வண்டி. மெல்ல உருண்டது. ஓர் அடி. ஈரடி. அவளையும் சேர்த்து இழுத்தது. முழங்கால் சரளையில் உரிந்தது. கை நழுவியது.

எழுந்து ஓடினாள். ஓட ஓட வண்டி வேகம் எடுத்தது. இன்ஜின் சத்தம் இல்லை. ஊங்காரம் மட்டும். அதற்குள் அந்தச் சொல். இப்போது இரண்டு குரலில். ஒன்று ஆண்குரல்.

நிப்பாட்டு. நிப்பாட்டு.

"நிப்பாட்டு!" என்று அவளும் கத்தினாள். யாரிடம்?

மலைநிழல் விழுந்த கரை வளைவில் வண்டி திரும்பியபோது, கடைசி வெளிச்சம் அதன் அடியில் விழுந்தது. கண்ணுச்சாமியின் இரண்டு கால்கள் சரளையில் தேய்ந்துகொண்டே போயின. அவற்றுக்குப் பக்கத்தில், அவற்றை ஒட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு கால்கள். குதிகால் எலும்பு வரை தேய்ந்தவை. விரலில் மெட்டி. அவை இழுபடவில்லை. மண்ணை உந்தி உந்தித் தள்ளிக்கொண்டிருந்தன.