பெயர் சொன்ன குரல்

தொலைபேசி அலறியது.

மேரிசெலின் கிழங்கு அவிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்தாள்.

"மேரிசெலின்," என்றாள்.

டென்மார்க்கில் அப்படித்தான். தொலைபேசியை எடுத்தால் ஹலோ கிடையாது... முதலில் சொந்தப் பெயர்! இந்த ஹ்விடோவ்ரே ஊருக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வவுனியாவிலிருந்து தம்பி லூக்காஸ் எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பான்.

இன்று மறுமுனையில் சிரிப்பு இல்லை.

"உன்ர தம்பி எங்களிட்ட இருக்கிறான்."

வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசும் குரல்!

"ஆர் கதைக்கிறது?"

"அது உனக்குத் தேவையில்லை. முப்பது லட்சம் வேணும். மூண்டு நாளுக்குள்ள."

"தம்பியோட ஒருக்காக் கதைக்க வேணும்."

"காசு வரட்டும், கதைப்பான். போலீசுக்குப் போனால்... பிறகு ஒருநாளும் கதைக்க மாட்டான்."

வைத்துவிட்டான்.

லூக்காஸின் கைத்தொலைபேசிக்கு அடித்தாள். அது நிறுத்தப்பட்டிருந்தது.

2009 மே. யுத்தம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொல்லி ஒரு கிழமை. அந்த ஒரு கிழமையில் மேரிசெலினுக்கு அழுகை வரவில்லை. பசி வரவில்லை. இப்போது வரவேண்டிய பயமும் வரவில்லை. திரும்பிப் போய்க் கிழங்கை வடித்தாள். உப்புப் போட்டாளா இல்லையா என்பதுதான் நினைவில்லை.

பிறகு சபாரத்தினத்தை அழைத்தாள்.

* * *

சபாரத்தினம் பக்கத்து ஊரான டோஸ்ட்ருப்பிலிருந்து அடித்துப் பிடித்து வந்துசேர்ந்தார். வவுனியாவில் லூக்காஸ் நடத்தும் ஐஸ் தொழிற்சாலைக்கு முதல் போட்டவர்கள் அவரும் மேரிசெலினும்தான். அங்கே யாரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்ற வித்தையில் மனிதர் பலே கெட்டிக்காரர்.

"போலீசுக்குச் சொல்லுவமா அண்ணை?"

"எந்தப் போலீசுக்கு? இஞ்சத்தைய போலீஸ் கடிதம் எழுதும். அங்கத்தைய போலீஸ் கடத்தினவனிட்டைப் போய்ப் பங்கு கேக்கும்."

"இஞ்சத்தைய நம்பர் ஒண்டு காட்டுது, பாருங்கோ."

அவர் பார்த்தார். ஒரு நொடி தாமதித்தார்.

"மலிவு போன் கார்ட்டிலை எடுத்தால் அப்பிடித்தான் காட்டும். திருப்பி அடிச்சுப்போடாதையுங்கோ தங்கச்சி. கோவத்திலை என்னவும் செய்வாங்கள்."

"முப்பது லட்சம் அண்ணை..."

"எங்கட ஐஸை நினைச்சுப் பாருங்கோ."

நினைத்துப் பார்த்தாள். மன்னார் மீன்வாடிகளுக்கு லொறி புறப்படும். சோதனைச்சாவடியில் மறிப்பார்கள். பத்திரம் சரி, முத்திரை சரி... ஆனாலும் நிற்கவேண்டும். அதிகாரி ஆற அமரத் தேத்தண்ணி குடிப்பார். ஐஸ் சொட்டுச் சொட்டாக ஒழுகும். அவர் கையில் காசை வைத்தால் அடுத்த நிமிடமே தடை உயரும். ஒருமுறை லூக்காஸ் வீம்புக்குக் கொடுக்காமல் நின்று பார்த்தான். பின்னேரம் லொறியில் மிஞ்சியது ஈரச் சாக்கும் உமியும்தான்.

"அங்க எதையும் உருகிறதுக்கு முதல் குடுத்திட வேணும்," என்றார் சபாரத்தினம். "லூக்காஸ் விசயமும் அப்பிடித்தான். காசை என்னட்டைத் தாங்கோ. சேர்ப்பிக்கிற ஆளை எனக்குத் தெரியும்."

வங்கிக்குப் போனாள். வீட்டின்மேல் கடன் கேட்டாள்.

"என்ன தேவைக்கு?" என்று டெனிஷில் கேட்டாள் வங்கிப் பெண்.

"குசினி திருத்த."

சமையலறைக்கு வெள்ளை அலுமாரி நல்லதா, சாம்பல் அலுமாரி நல்லதா என்று இருவரும் ஐந்து நிமிடம் ஆராய்ந்தார்கள். மேரிசெலின் சாம்பல் என்றாள். காசு மறுநாள் மத்தியானம் கணக்கில் விழும்.

* * *

மறுநாள் காலை ஆறு மணி.

வெளியே வெயில் நன்றாக ஏறிவிட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு வேலைக்குப் புறப்பட்டவள், தோளில் பையோடு வாசலில் நின்றாள்.

வீடே ஈட்டுக்குப் போகிறது. காசைக் கொடுக்கும் முன் தம்பியின் குரலை ஒருதடவை... ஒரே ஒரு தடவை கேட்கவேண்டும்!

அந்த நம்பரை அழுத்தினாள்.

மணி அடித்தது. இரண்டு... மூன்று... நான்கு...

எடுத்தான்.

நித்திரை கலையாத கரகரத்த குரல். துணி இல்லை.

"சபாரத்தினம்."

மேரிசெலின் தோள்பையைத் தரையில் வைத்தாள்.

சபாரத்தினம் ஒரு 'விகார்'. நிரந்தர வேலை கிடையாது. யாராவது சுகமில்லை என்று நின்றால், விடியற்காலையில் போன் போட்டு அவரை வேலைக்குக் கூப்பிடுவார்கள். கட்டிலருகே இருந்த இரண்டு தொலைபேசிகளில் எது அடித்தது என்று அந்தக் கை பார்க்கவில்லை. வாயும் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருட டெனிஷ் பழக்கம்!

"மேரிசெலின்," என்றாள் அவளும். அதுவும் பழக்கம்தான்.

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"தங்கச்சி... நான் விளங்கப்படுத்திறன்."

"தம்பி எங்கை?"

"அவனுக்கு ஒண்டும் இல்லை. கொழும்பிலை ஒரு லொட்ஜிலை இருக்கிறான். 'உன்னைப் பிடிக்கத் தேடுறாங்கள், போனை நிப்பாட்டிப்போட்டு ஒளிச்சிரு' எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னனான். நம்பியிட்டான்."

"ஏன் அண்ணை?"

"போட்ட காசெல்லாம் அங்க லஞ்சமாப் போட்டுது. உருகினது என்ர ஐஸும்தானே. வாழ்க்கையிலை ஒருக்கா எண்டாலும் வாங்கிற பக்கம் நிண்டு பாப்பம் எண்டு நினைச்சன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. லொட்ஜின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். போனை வைத்துவிட்டுப் போலீசை அழைத்தாள்.

டெனிஷ் போலீஸ் கடிதம் எழுதவில்லை. பத்து மணிக்கு டோஸ்ட்ருப்பில் கதவைத் தட்டியது.

* * *

"அக்கா, நாலு நாளா யன்னல்கூடத் திறக்கேல்லை," என்றான் லூக்காஸ், லொட்ஜ் தொலைபேசியில். "உண்மையிலையே ஒருத்தரும் என்னைத் தேடேல்லையே?"

"இல்லையடா. எல்லாம் சபாரத்தினம் அண்ணையின்ர பொய்."

"அப்ப நான் வவுனியாவுக்குப் போகட்டே?"

"ஓம். போய்த் தொழிற்சாலையைத் திற. யுத்தம் முடிஞ்சுதுதானே."

அன்று பின்னேரம் சோபாவில் சாய்ந்தவள், இரண்டு மணி நேரம் அசந்து தூங்கினாள்.

அதிலிருந்து நான்காம் நாள்...

தொலைபேசி அலறியது.

"மேரிசெலின்."

"வணக்கம் அம்மா."

தெளிவான, மரியாதையான குரல். தடுமாற்றம் இல்லை. முதலில் தன் முழுப்பெயரைச் சொன்னது. பிறகு வவுனியாவில் தன் அரசாங்கப் பதவியைச் சொன்னது. திருப்பி அழைக்கக் கந்தோரின் நேரடி நம்பரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னது.

"உங்கட தம்பி திரும்பி வந்தது நல்லதாப் போச்சு. ஒரு கிழமையா நாங்கள் தேடாத இடமில்லை. இப்ப எங்களிட்ட இருக்கிறார்."

மேரிசெலின் கதிரையில் உட்கார்ந்தாள்.

சபாரத்தினம் சொன்ன பொய்தான் லூக்காஸை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது. வெளியே வா என்று சொன்னது அவள்! நெஞ்சுக்குள் எதுவோ உடைய வேண்டிய இடத்தில், வெறும் மரப்புத்தான் இருந்தது.

"அவன் என்ன பிழை செய்தவன்?"

"யுத்தம் முடிஞ்சாப் பிறகு எல்லாத்துக்கும் புதுப் பத்திரம் அம்மா. அவர் எடுக்கேல்லை. விசாரிக்க வேணும். விசாரணை எண்டால்... ஆள் தாங்கவும் வேணும்."

"எவ்வளவு?"

"ஐம்பது லட்சம்."

குசினிக் கடன் போதாது என்று நினைத்துக்கொண்டாள்.

"பெயரையும் பதவியையும் சொல்லிப்போட்டீங்கள். நான் போலீசுக்கு அறிவிச்சால்?"

மறுமுனை கனிவாகச் சிரித்தது.

"தாராளமா அறிவியுங்கோ அம்மா. பெயரை மட்டும் சரியா எழுதுங்கோ. ரசீதிலையும் அதேதான் வரும்."