பொழுதுபடாப் பள்ளத்தாக்கு

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் தொங்கிய கம்பளி நூல்கள் கதவுப் பக்கமாகச் சாய்ந்து நின்றன. கதவைப் பிடித்தபடி நின்ற யோகலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை.

லண்டன் கல்லூரி ஒன்றின் நிலவறையில், நீண்ட குளிரறைக்குள், துருவத்துப் பள்ளத்தாக்கு ஒன்றைச் சிறிதாகக் கட்டி வைத்திருந்தார்கள். கதவோரம் கடல், மறு அந்தத்தில், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே வெட்டிக் கொண்டுவந்த பனிச்சுவர், கூரையில் சூரியனுக்குப் பதிலாக ஒரு விளக்கு. வெயில் பட்டால் காற்று கடலிலிருந்து பனியை நோக்கி ஏறும். வெயில் மறைந்தால் பனியின் குளிர்காற்று தன் பாரத்திலேயே, தண்ணீர்போல நிலத்தோடு ஒட்டிக் கடலுக்கு இறங்கும். தொங்கவிட்ட கம்பளி நூல்கள் அதைக் காட்டும். "அங்க கோடையில பொழுது படாது அண்ணை. விளக்கை மட்டும் தொடாதேங்கோ" என்று ஆராய்ச்சி செய்யும் டொலறஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

நேற்றுத் துப்புரவு முடித்துப் போகும்போது அவன் கை தன்பாட்டில் அதை அணைத்துவிட்டது. மீட்டரில் காசு போட்டு மின்சாரம் எரிக்கிற வீட்டில் இருப்பவனின் கை. காலையில் வந்து போட்டுவிட்டான்; அதற்கிடையில் பள்ளத்தாக்கில் ஓர் இரவு முழுக்க இருட்டு. ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்போது உள்ளே உறைபனி சுரண்டிக்கொண்டிருக்கும் ஞானேஸ்வரனுக்கும்தான். தங்கையின் புருஷன். அவனை இந்த வேலைக்கு இழுத்து வந்ததே யோகலிங்கம்தான்.

"மச்சான், சுரண்டினது காணும். வெளியில வா."

"வெளியில நெருப்பு வெயில். நீ போய் வேர்த்துச் சாவன்." ஞானேஸ்வரன் உள்ளிருந்து சிரித்தான்.

"காத்து எங்கயால வருது?"

"சுவருக்குள்ளால." சிரிப்பு நின்றது. "ஆரோ உள்ளுக்கு நிண்டு ஊதுறமாதிரிக் கிடக்கு."

உயிரென்று ஒன்றும் ஒருநாளும் நடமாடாத கல்லின் மணம் கதவுவரை வந்தது. அதன் பின்னால் தாழ்ந்த ஒரு முனகல். நூல்கள் கிடையாக எழுந்தன. சுரண்டும் சத்தம் இல்லை.

"ஞானம்."

யோகலிங்கம் கதவை விட்டான்.

பனிச்சுவர்வரை ஓடினான். மச்சான் பனிச்சுவரில் வாயை வைத்தபடி நின்றான். தோளைப் பிடித்து இழுத்தான். உதட்டுத் தோல் பனியிலேயே தங்கிவிட்டது. வெளியே கொண்டுவந்து போட்டான். கதவைச் சாத்தினான். தாழ் போட்டான்.

நடைவழியின் வெக்கை முகத்தில் அடித்தது. மச்சானின் வாயால் வெண்புகையாய் மூச்சு வந்தது. உயிர் இருக்கிறது. தங்கைக்கு முகம் கொடுக்கலாம்.

மூச்சு வந்தது.

வந்துகொண்டே இருந்தது.

உள்ளே இழுக்கவில்லை. ஒருதடவைகூட. கீழுதட்டைத் தாண்டி நாடியால் வழிந்தது. நெஞ்சில் இறங்கியது. யோகலிங்கத்தின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு, இறங்க மட்டுமே தெரிந்த அந்தக் காற்று, நிலவறைப் படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மேலே ஏறத் தொடங்கியது.